பூரண சுகம்

அஜிதா நர்ஸ் முதல் தடவை வந்தபோது அவளைக் கேட்டுக்கு வெளியே கால் மணி நேரம் நிறுத்தி வைத்தேன். உச்சி வெயில். அவள் கையில் ஒரு பெட்டி. பின்னால் சர்க்கார் முத்திரை போட்ட வேன். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். நான் அசையவில்லை. சும்மா பார்க்க வந்திருக்கிறோம் என்று சர்க்கார் ஆள் சொன்னால் யார் நம்புவது? ரோட்டை அகலப்படுத்த அளந்தவர்களும் முதல் நாள் சும்மா பார்க்கத்தான் வந்தார்கள். இரண்டு தென்னை போயிற்று.

"பாட்டா, நேசையன்ணு ஒரு ஆளு இங்க படுக்கையில இருக்காராமே. அவரைப் பாக்கத்தான் வந்தோம்."

"யாரு சொன்னா?"

"ரெஜிலா அக்கா பேரு குடுத்தாவ."

ரெஜிலா என்பவள் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறவள். அதுவும் சர்க்கார் ஏற்பாடுதான். எனக்கும் கொடுப்பாள். நான் வாங்கி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரி தின்று ஒரு வாரம் உயிரோடு இருந்தால் பிறகு தின்பேன்.

"அவளுக்கு வேற சோலி இல்ல," என்றேன்.

"எனக்கு இதுதான் சோலி. கேட்டைத் திறங்க பாட்டா, தல சுடுகு."

தலை சுடுகிறது என்று சொன்னதால் திறந்தேன். வேறு ஒன்றுமில்லை.

நேசையன் என் மனைவி பூங்கனியின் தம்பி. கொத்தனார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னே திருவனந்தபுரத்தில் ஒரு மாடி வேலையில் சாரம் சரிந்து விழுந்தான். முதுகில் அடி. கால் இரண்டும் விளங்காமல் போயிற்று. கை இரண்டும் கொஞ்சம் வேலை செய்யும். சோற்றை வாரி வாய்க்குக் கொண்டுபோகும், உடம்பைத் தாங்காது. மூத்திரம் டியூப் வழியாகப் பையில் இறங்கும். அப்போது அவனுக்கு முப்பத்தைந்து வயது. பெண் பார்த்து வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சும் அதோடு நின்றது. பூங்கனி தம்பியை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தாள். என்னிடம் கேட்கவில்லை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பதினாறு வருஷம் அவள் பார்த்தாள். அவள் போய் இப்போது மூன்று வருஷம். மகள் பெமிலா கோயம்புத்தூரில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். மற்றபடி வீட்டில் அவனும் நானும்தான். எனக்கு எழுபத்து மூன்று, அவனுக்கு ஐம்பத்து நான்கு. நாள் முழுக்க ஒருத்தனை ஒருத்தன் கடித்துக்கொண்டிருப்போம்.

அஜிதா உள்ளே வந்து கையைக் கழுவினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து டியூபைப் பார்த்தாள்.

"இத எப்ப மாத்தினது?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ரெண்டு மாசமா?"

"நல்ல டியூப்பாக்கும். ஒண்ணும் ஆவல்ல."

"தேயுற வரைக்கும் ஓட்டதுக்கு இது டயர் இல்ல பாட்டா. மாசத்துக்கு ஒருக்க மாத்தணும்."

கட்டிலில் கிடந்தவன் சிரித்தான். என்னை யாராவது ஒரு சொல் சொன்னால் அவனுக்குப் பாயசம் குடித்த மாதிரி.

அவளே மாற்றினாள். வலிக்காமல், துணி நனையாமல் மாற்றினாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அவனைப் புரட்டினோம். முதுகின் அடிப்பக்கம், எலும்பு முட்டுகிற இடத்தில், ஒரு ரூபாய் அளவுக்குப் புண் இருந்தது. எனக்குத் தெரியும். தினமும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அவள் எண்ணெய் வேண்டாம் என்று சொல்லி, கழுவி மருந்து வைத்துக் கட்டினாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க திருப்பிப் போடுவியளா?"

"போடுவேன்."

"போடுவாவ," என்றான் நேசையன். "அடுத்த ரெண்டு மணி நேரமும் அதச் சொல்லி ஏசுவாவ."

அன்றைக்கு அவள் ஒரு பழைய பெட்சீட்டை இரண்டாக மடித்து அவன் இடுப்புக்குக் கீழே குறுக்கே போட்டாள். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நான். துணியைச் சுருட்டிப் பிடித்து ஒரே நேரத்தில் தூக்கினோம். அவன் பஞ்சு மாதிரி மேலே போய்த் தலையணைக்கு நேராக இறங்கினான். அந்தத் தூக்கு எனக்குத் தெரிந்த தூக்கு.

புதுக்கடைச் சந்தையில் நாற்பது வருஷம் சுமடு எடுத்தவன் நான். வாழைக்குலை, தேங்காய்ச் சாக்கு, சிமெண்ட், எல்லாம். தலையில் ஏறிவிட்டால் எந்தச் சுமட்டையும் கொண்டுபோய்விடலாம். தரையிலிருந்து தலைக்கு ஏறுகிற அந்த நாலைந்து அடிதான் பாடு. அதற்கு ஒரு ஆள் வேண்டும். "ஒரு கை பிடி" என்று கூப்பிட்டால் பக்கத்தில் நிற்கிறவன் பிடித்துவிட வேண்டும். முந்தின நாள் அடித்துக்கொண்டவனும் பிடிப்பான். பிடித்தவனுக்குக் கூலியில் பங்கில்லை. ஏற்றிக்கொண்டவன் நன்றியும் சொல்வதில்லை. அது எங்கள் தொழிலில் இருக்கிற முறை.

ஆனால் அது சந்தையில். வீட்டுக்குள் ஒரு கை பிடி என்று நான் யாரையும் கூப்பிட்டதில்லை.

அதற்குப் பிறகு மாதம்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அஜிதா வந்தாள். வந்த நாளில் எல்லாம் சபைக் காலண்டரில் ஒரு வட்டம் போட்டேன். வராத நாளில் வந்ததாக அவர்கள் எழுதிக்கொண்டால் என்ன செய்வது? என் கையில் ஒரு சாட்சி வேண்டும். ஆறு மாதத்தில் ஆறு வட்டம். புண் காய்ந்து தோல் மூடிவிட்டது. அவள் வரும் பத்தரை மணிக்கு அடுப்பில் பால் ஊற்றாத கட்டங்காப்பி இருக்கும். அந்த நேரத்தில் நானும் குடிப்பேன், அதனால் இருக்கும்.

ஏழாவது மாதம்தான் வினை வந்தது. அதைக் கொண்டு வந்தவள் பக்கத்து வீட்டு ராஜபாய். எனக்கு முன்னால் மாத்திரை தின்கிறவள் அவள்தான். மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"ராஜையண்ணே, கேட்டியளா? நாளைக்கு வீடு வீடா வந்து கணக்கெடுக்காவளாம். பாக்க ஆளு இல்லாம கெடக்கவங்கள வண்டியில ஏத்திக் காப்பகத்துல கொண்டு விடவாம்."

"யாரு சொன்னா?"

"மீனு வாங்க நிக்கச்சில பேசிக்கிட்டாவ. அந்தப் பக்கம் ஒரு கெழவிய கொண்டு போயிட்டாவளாம்."

"எந்தப் பக்கம்?"

"அது சரியாத் தெரியல்ல."

சரியாகத் தெரியாத செய்தி என்றால் நம்பக்கூடாது. ஆனால் சர்க்காரைப் பற்றி யார் மோசமாகச் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வந்துவிடும். காப்பகம் என்ற சொல்லும் உள்ளே போய்க் குத்தியது.

பூங்கனி இறந்த அந்த வருஷம் சபையிலிருந்து நாலு பேர் வந்து, "உங்களால முடியாது, ஒரு நல்ல இடம் இருக்கு," என்றார்கள். நேசையனையும் வண்டியில் கிடத்திக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனோம். குறை சொல்ல முடியாத இடம். சுத்தமான கூடம், வரிசையாகப் பன்னிரண்டு கட்டில். ஆட்கள் அன்பாகப் பேசினார்கள். நேசையன் அந்தக் கட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். திரும்பி வந்து மூன்று நாள் பேசவில்லை. சோறு வைத்தால் தின்றான், கேட்டால் தலையை ஆட்டினான். நாலாம் நாள், "மீனுக்கு உப்புப் போடக் கூடத் தெரியாதா அத்தான்?" என்று கேட்டான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்தப் பேச்சை மறுபடி எடுக்க நான் யாரையும் விடவில்லை.

ஆகவே மறுநாள் காலையில் ஆறு மணிக்கே நேசையனைத் துடைத்து, தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டேன். முதுகுக்கு மூன்று தலையணை வைத்து உட்கார வைத்தேன். மூத்திரப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, தெரியாதபடி போர்வையை இழுத்துவிட்டேன். நானும் சட்டை போட்டுக்கொண்டேன்.

"என்ன அத்தான், பொண்ணு பாக்க வாறாவளா?"

"வாய மூடிக்கிட்டு இரி. வாறவன் கேட்டா நல்லபடியா சொல்லணும், கேட்டியா? இல்லேண்ணா தூக்கி வண்டியில போட்டுருவான்."

அவன் முகத்தில் சிரிப்பு போயிற்று.

வந்த ஆளுக்கு முப்பது வயது இருக்கும். கழுத்தில் அட்டை, கையில் பெரிய போன் மாதிரி ஒரு பலகை. தர்மபுரிப் பக்கம் ஊர் என்றான். செருப்பை வெளியே கழற்றினான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"அய்யா, இப்ப எப்படி இருக்கீங்க?" என்று நேசையனைக் கேட்டான்.

"கர்த்தருக்க கிருபையால பூரண சுகம்," என்றான் நேசையன்.

எங்கள் பக்கத்தில் சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்வோம். உயிர் போகிற நேரத்திலும் அதுதான் வாயில் வரும். சபையில் வளர்ந்தவன் முன்னால் கர்த்தருடைய கிருபையைச் சேர்த்துக்கொள்வான். நேசையன் பத்தொன்பது வருஷமாக, போதகர் கேட்டாலும் மீன்காரி கேட்டாலும், பூரண சுகம் என்றுதான் சொல்கிறான். எங்கள் ஊர்க்காரன் யாரும் அதை நம்பி அவனைப் பந்து விளையாடக் கூப்பிட்டதில்லை. தர்மபுரிக்காரனுக்கு அது எப்படித் தெரியும்? "பூரண சுகம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பலகையில் தட்டினான்.

"எழுந்து உட்காருவாரா?"

"இரிக்கான் பாரும்," என்றேன். மூன்று தலையணை அவன் கண்ணில் படவில்லை.

"சாப்பாடு?"

"அவனே திம்பான்."

"குளியல்?"

"நித்தமும் உண்டு."

"உங்களுக்கு ஏதாவது சிரமம் இருக்குதுங்களா? தூக்க, பிடிக்க?"

"எனக்கா? நான் சுமடு எடுத்தவனாக்கும்."

அவன் அதையும் தட்டினான். கண்ணாடியில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னான். நான் 'ரா' போட்டு ஒரு கோடு இழுத்தேன். கும்பிட்டுவிட்டுப் போனான். வண்டியில் யாரையும் ஏற்றவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஜெயித்துவிட்டோம் என்று அன்றைக்கு ஏத்தம்பழம் அவித்துத் தின்றோம்.

அடுத்த இரண்டாவது செவ்வாய்க்கிழமை அஜிதா வரவில்லை.

பதினொன்று வரை பார்த்தேன். காப்பி ஆறிப்போயிற்று.

"பாத்தியா? நான் அண்ணைக்கே சொன்னேன். சர்க்காரு கொண்டு வந்து பழக்கும், பொறவு கைய விட்டுரும்."

"ஒரு போன் போட்டுக் கேக்கலாமே."

"என்னத்துக்கு? வாறவ வருவா."

"டியூப் மாத்துக நாளு."

"எனக்குத் தெரியும்."

கேட்டிருக்கலாம். நம்பர் அவளே காலண்டரில் எழுதி வைத்திருந்தாள். ஆனால் போன் போட்டால், வா, என்னால் ஆகவில்லை என்று சொன்ன மாதிரி ஆகும். ஆகவில்லை என்று ஒரு தடவை சொன்னால் அதை எங்கேயோ எழுதுவார்கள். எழுதினால் வண்டி வரும். என் கணக்கு இப்படித்தான் ஓடியது.

மூன்று நாள் போயிற்று. பையில் மூத்திரம் கலங்கி வந்தது. ஆறாம் நாள் அவன் உடம்பு கொஞ்சம் சுட்டது. நிறைய வெள்ளம் குடிக்கக் கொடுத்தேன். எட்டாம் நாள் சூடு இறங்கவில்லை, வாடையும் வந்தது. மீனில் உப்பு இல்லை என்று கூட அவன் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் விரிப்பு மாற்ற அவனைப் புரட்டினேன். அடியில் இருந்த துணி நனைந்து வழுக்கியது. அவன் கட்டில் ஓரத்துக்கு வந்துவிட்டான். இரண்டு கையையும் அவன் தோளுக்குக் கீழே கொடுத்துத் தூக்கினேன். தூக்கு வரவில்லை. நாலு சிமெண்ட் சாக்கை ஒரு மூச்சில் இறக்கின கை, ஐம்பது கிலோ உடம்புக்கு முன்னால் தோற்றுப்போயிற்று. விட்டால் விழுவான். அதனால் நான் முதலில் தரையில் உட்கார்ந்து அவனை மடியில் வாங்கினேன். அவன் அடிபடவில்லை. ஆனால் இரண்டு பேரும் தரையில்.

ராஜபாயைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. சந்தைக்குப் போயிருப்பாள். போன் அலமாரி மேலே. அவன் என் காலின் மேல் கிடந்தான். அவனை இறக்கிவிட்டு எழுந்திருக்க என் இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை.

"அத்தான், வலிக்கா?"

"உனக்கு வலிக்கா?"

"எனக்கு எப்பிடி வலிக்கும்? இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாதில்லா."

"அப்பம் சும்மா கெட."

கொஞ்ச நேரம் கட்டிலின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே ஒரு பல்லி இருந்தது.

"அவுக வராததுக்கு நாமதான் காரணம்ணு தோணுகு," என்றான் நேசையன்.

"நாம என்ன செய்தோம்?"

"நான் சுகம்ணு சொன்னேன். நீரு சிரமம் இல்லேண்ணு சொன்னீரு. சுகமா இருக்கவனுக்கு நர்சு எதுக்கு?"

"நான்தானே உன்னைச் சொல்லச் சொன்னேன்."

"நீரு சொல்லலேண்ணாலும் அதத்தான் சொல்லுவேன். அக்காக்கிட்டயும் அப்பிடித்தானே சொன்னேன். சுகமில்லேண்ணு சொன்னா அவ அழுவா. உம்மக்கிட்ட சொன்னா நீரு ஏசுவீரு."

"நான் எப்பம் ஏசினேன்?"

அவன் பதில் சொல்லவில்லை. பல்லி சொன்னது.

"ஏலே நேசையா, உனக்கு அங்க போகணுமா? அந்தப் பன்னெண்டு கட்டிலுக்கு?"

"நீரு சொன்னா போறேன்."

"நான் கேட்டது அதில்ல."

"போக மனசில்ல அத்தான்." கொஞ்சம் கழித்து, "இப்பிடித் தரையில கெடக்கவும் மனசில்ல," என்றான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். கேட் சத்தம் கேட்டது. "பாட்டா, மாத்திரை," என்று ரெஜிலாவின் குரல்.

நான் வாயைத் திறந்தேன். வராது என்று நினைத்த சத்தம் வந்தது.

"பிள்ள, இங்க வா. ஒரு கை பிடி."

அவள் ஓடி வந்து எங்களைப் பார்த்து வாயில் கை வைத்தாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து, அவனைப் பக்கத்தில் இறக்கி, என்னைக் கை கொடுத்து எழுப்பினாள். குறுக்கு விரிப்பை அவனுக்கு அடியில் நுழைத்து, தலைப்பக்கம் நான், கால்பக்கம் அவள், மூன்றாவது தம்மில் கட்டிலில் ஏற்றினோம். ரெஜிலா அங்கேயே நின்று அஜிதாவுக்குப் போன் போட்டாள். சொல்லச் சொல்ல அவள் என்னை முறைத்தாள்.

நாலு மணிக்கு அஜிதா வந்துவிட்டாள். வேன் இல்லை, சொந்த ஸ்கூட்டர். டியூபை மாற்றினாள், மருந்துக்கு டாக்டரிடம் போனில் கேட்டாள், ரெஜிலாவை அனுப்பி வாங்கிவரச் செய்தாள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் கையைக் கழுவிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நேசையன் மாமாவுக்க பேரு லிஸ்டுல இல்ல பாட்டா. 'பூரண குணம் அடைந்தார்'ண்ணு போட்டுப் பேர எடுத்திருக்கு. நான் லீவு முடிஞ்சு நேத்தைக்குத்தான் வந்தேன். நீங்க ரெண்டு பேரும் கோயம்புத்தூருக்கு மகள்கிட்டப் போயிட்டியளோண்ணு நெனச்சேன்."

"நான் குணம்ணு சொல்லல்ல, சுகம்ணு சொன்னேன்," என்றான் நேசையன்.

"அந்தச் சாருக்கு ரெண்டும் ஒண்ணுதான். பைபிள்ல குருடன் சுகமானான்ணு வாசிச்சா நீங்க என்ன நெனைப்பிய?"

அவள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதுக்கு அப்பிடிச் சொன்னிய?"

நான் ராஜபாய் சொன்னதைச் சொன்னேன். அஜிதா நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"யாரையும் அப்பிடித் தூக்கிட்டுப் போக முடியாது. அவரு சம்மதிக்கணும். மாமா, நீங்க சம்மதிப்பியளா?"

"இல்ல."

"பொறவு என்ன? அடுத்த வியாழக்கிழமை அந்தச் சாரைக் கூட்டிக்கிட்டு வாறேன். உள்ளத உள்ளபடி சொல்லுங்க. முடியாதத முடியாதுண்ணு சொன்னாத்தான் லிஸ்டுல பேரு நிக்கும்."

"தூக்கிட்டுப் போக மாட்டோம்ணு எழுதித் தருவியா?"

"பாட்டா."

அவள் அப்படிச் சொன்ன விதத்தில் நான் மேலே கேட்கவில்லை. ஆனால் நம்பினேன் என்று சொல்லமாட்டேன். அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. உள்ளதைச் சொன்னால் அவனைக் கொண்டுபோவார்களோ, சொல்லாவிட்டால் அவன் இங்கேயே செத்துப்போவானோ என்று புரண்டு புரண்டு யோசித்தேன்.

வியாழக்கிழமை வெள்ளைச் சட்டை போடவில்லை. தலையணை ஒன்று. பையைக் கட்டில் சட்டத்தில் எல்லோரும் பார்க்கும்படி தொங்கவிட்டேன். தர்மபுரிக்காரன் அஜிதாவுக்குப் பின்னால் கொஞ்சம் கூச்சத்தோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அய்யா, இப்ப எப்படி இருக்கீங்க?"

நேசையன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். பத்தொன்பது வருஷப் பழக்கம் லேசில் விடுமா?

"கர்த்தருக்க கிருபையால," என்று தொடங்கி நிறுத்தினான். "சுகமில்ல."

அஜிதா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். அந்த ஆள் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டான். உட்கார்வது, புரள்வது, குளிப்பது, வெளிக்குப் போவது. நேசையன் எல்லாவற்றையும் சொன்னான். எனக்குத் தெரியாததும் இரண்டு இருந்தது. மத்தியானம் நான் தூங்கும்போது தாகம் எடுத்தால் என்னை எழுப்பாமல் கிடப்பானாம்.

"நீங்க சொல்லுங்கய்யா. உங்களால எது முடியல?"

"இவனுக்குச் சோறு ஆக்குவேன். துடைப்பேன். துணி அலக்குவேன். மலம் எடுப்பேன்." நிறுத்தினேன். "தூக்கி ஏத்த முடியல்ல. போன வாரம் தரையில விட்டுட்டேன்."

"விடல்ல, மடியில வாங்கினாவ," என்றான் நேசையன்.

"நீ சும்மா இரி."

அந்த ஆள் தட்டினான். பிறகு பலகையைப் பார்த்தபடியே, "அப்ப காப்பகத்துல சேர்க்க விருப்பமா?" என்று கேட்டான்.

அஜிதாவைப் பார்த்தேன்.

"அது எல்லார்கிட்டயும் கேக்க கேள்வி பாட்டா. இல்லேண்ணா இல்லேண்ணு சொல்லுங்க."

"இல்ல," என்றான் நேசையன்.

"ஆனா உங்களால தூக்க முடியலன்னு இப்ப சொன்னீங்களே," என்றான் அந்த ஆள் என்னிடம். தப்பாகக் கேட்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"இங்க வாரும்," என்று அவனை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காலையில் வெட்டின ஏத்தன் வாழைக்குலை ஒன்று அங்கே கிடந்தது. தோளில் கிடந்த துண்டைச் சுற்றிச் சும்மாடாகத் தலையில் வைத்தேன்.

"அந்தத் தண்டப் பிடியும். நான் இந்தப் பக்கம். ஒண்ணு, ரெண்டு, ஏத்தும்."

அவன் பதறிப்போய்ப் பிடித்தான். குலை தலையில் ஏறியது. நான் கிணறு வரைக்கும் நடந்து திரும்பி வந்தேன். கால் தடுமாறவில்லை.

"பாத்தீரா? நீரு குலையைக் கொண்டு போகல்ல. ஏத்தித்தான் விட்டீரு. சொமக்கது நான். இறக்கவும் ஒரு கை பிடியும்."

இறக்கினான். கையில் ஒட்டின வாழைக்கறையைத் துடைத்தான். பிறகு ஸ்டூலில் போய் உட்கார்ந்து நிறையத் தட்டினான்.

"என்ன எழுதினீரு? வாசியும்."

வாசித்தான். நோயாளி வீட்டிலேயே இருக்க விரும்புகிறார். பார்த்துக்கொள்பவர் இருக்கிறார், அவருக்கு வயது எழுபத்து மூன்று. தூக்கவும் புரட்டவும் துணை ஆள் தேவை. மாதம் ஒருமுறை நர்ஸ், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உடற்பயிற்சி ஆள்.

"இன்னொருக்க."

இன்னொரு தடவையும் வாசித்தான்.

"சுகம்ணு எங்கயாவது கெடக்கா?"

தேடிப் பார்த்தான். "மேலே சுகாதார நிலையம்னு இருக்குதுங்க."

"அது கெடக்கட்டும்."

கண்ணாடியில் 'ரா' போட்டேன். இந்தத் தடவை முழுப்பெயரும் போட்டேன், நேரமானாலும் பரவாயில்லை என்று.

அதற்கடுத்த இரண்டாவது செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு வேன் வந்தது. வட்டத்தை முன்கூட்டிப் போடாமல் வைத்திருந்தேன். ஆளைக் கண்ணால் கண்ட பிறகுதான் போட்டேன். அஜிதாவோடு ஷாஜன் என்று ஒருத்தன், உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவன், தோள் அகலமான ஆள், இறங்கினான். டியூபை மாற்றிய பிறகு, நேசையனைச் சக்கர நாற்காலியில் உட்கார வைக்கலாமா என்று கேட்டான். அந்த நாற்காலி பூங்கனி போன பிறகு வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பில்தான் கிடந்தது, என்னால் தனியாக அவனை அதில் ஏற்ற முடியாததால்.

துடைத்துக் கொண்டுவந்தேன். குறுக்கு விரிப்பை மூன்று பேர் பிடித்தோம்.

"நான் சொன்ன பொறவு தூக்கினா போதும்," என்றேன். "ஒண்ணு, ரெண்டு, ஏத்து."

ஏறினான். முன்வாசல் வரைக்கும் நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ராஜபாய் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"நேசையா, சுகமா?"

"ரொம்ப ஒண்ணும் இல்ல, கொறச்சு," என்றான் அவன்.

அஜிதா பெட்டியை மூடிவிட்டு வெளியே வந்தாள். காப்பியைக் குடித்து டம்ளரை வைத்தாள்.

"பாட்டா, நீங்க எப்பிடி இருக்கிய?"

சுகம் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. நேசையன் நாற்காலியிலிருந்து தலையைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இடுப்பு வலிக்கு," என்றேன். "தரையில இருந்த அண்ணைக்குப் பிடிச்சது."

அவள் பெட்டியை மறுபடி திறந்தாள்.